பறவை குதிரையான கதை

பெங்களூரு ஹெப்பகோடியில், ஓசூர் சாலை மெட்ரோ தூண்களுக்குப் பின்னால் இருக்கும் பழைய பேப்பர் கடையில்தான் அந்த இரண்டு நோட்டுகளும் எடைக்குக் கிடந்தன. 2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்ட பின், எங்கள் தெருவில் ஒரு பழைய ஓட்டுக்கடையை இடித்தார்கள். அதன் பரணிலிருந்து வந்த சரக்கு. கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “கட்டோட எடுத்துக்கங்க சார், பிரிச்செல்லாம் குடுக்கறதில்ல.” கட்டோடு வாங்கினேன். நாலு கிலோ. அதில் மூன்றரை கிலோ பத்தாம் வகுப்பு கைடுகள்.

மீதி அரைக் கிலோதான் இந்தக் கட்டுரை. இரண்டும் ஒரு வீசிடி வாடகைக் கடையின் பேரேடுகள். பேரேடு என்பது பழைய சொல். கொடுக்கல் வாங்கலைத் தலைப்பு வாரியாகப் பிரித்து எழுதும் கணக்குப் புத்தகம். அட்டையில் அந்தக் கடைக்காரர் எழுதியிருப்பது ‘ரிஜிஸ்டர்’. முதல் நோட்டு வாடகைக் கணக்கு: தேதி, மெம்பர் நம்பர், படத்தின் நம்பர், திரும்பிய நாள், கையெழுத்து. இரண்டாவது இருப்புக் கணக்கு: நம்பர், படம், மொழி, வாங்கிய தேதி, டிஸ்க் எத்தனை. இதுவரை எந்த வாடகைக் கடையிலும் பார்க்கக்கூடியதுதான். கடைசியாக ஸ்கேல் வைத்துப் பிற்பாடு கோடு போட்டுச் சேர்த்த ஒரு பத்தி இருந்தது. தலைப்பு: ‘மூலம்’.

முதலில் மொத்த வியாபாரியின் பெயரைக் குறிக்கும் பத்தி என்று நினைத்தேன். எங்கிருந்து வாங்கிய சரக்கு என்பதற்கும் மூலம் என்று எழுதலாம் அல்லவா? நாலைந்து பக்கம் புரட்டியதும் அது தவறு என்று தெரிந்தது. ‘தயாவன்’ என்ற இந்திப் படத்துக்கு எதிரே ‘நாயகன்’ என்று இருந்தது. ஃபெரோஸ் கான் 1988-ல் எடுத்த அந்தப் படம் மணிரத்னத்தின் ‘நாயகன்’ படத்தின் இந்தி வடிவம்தான். ‘நாயகன்’ இருந்த வரியில் ‘காட்ஃபாதர் பாதி, வரதராஜ முதலியார் பாதி’; முதலியார் பம்பாயின் நிஜ தாதா. யாரோ ஒருவர் ஹெப்பகோடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படமும் எதிலிருந்து வந்தது என்று கணக்கு எழுதியிருக்கிறார்.

என்னை நிறுத்தியது 2007 ஏப்ரலில் வாங்கிய ஒரு படம்: ‘தி டிபார்ட்டட்’, இரண்டு டிஸ்க். மூலம்: ‘ஜப்பான்’.

தவறு. மார்ட்டின் ஸ்கார்செஸி 2006-ல் எடுத்த அந்தப் படத்தின் மூலம் ஹாங்காங் படம். ஆண்ட்ரூ லாவ், ஆலன் மாக் இருவரும் இயக்கி 2002 டிசம்பரில் வெளியான ‘இன்ஃபெர்னல் அஃபையர்ஸ்’. போலீசுக்குள் ரவுடிக் கும்பலின் ஆள் ஒருவன், கும்பலுக்குள் போலீசின் ஆள் ஒருவன். ஒருவரை ஒருவர் தேடுகிறார்கள். ஸ்கார்செஸி அதை அப்படியே பாஸ்டன் நகரத்து ஐரிஷ்காரர்களிடம் கொண்டுபோனார்.

ஆனால் எல்லாத் தவறும் ஒரே மாதிரி நடப்பதில்லை. 2007 பிப்ரவரி 25 இரவு, ஆஸ்கர் மேடையில் ‘தி டிபார்ட்டட்’ நான்கு விருதுகள் வாங்கியது. சிறந்த படம், இயக்கம், தழுவல் திரைக்கதை, படத்தொகுப்பு. அந்த விழாவில் மேடைக்குப் பின்னாலிருந்து ஒலித்த அறிவிப்பு, மூலப் படத்தை ‘ஜப்பானியப் படம்’ என்று சொல்லிவிட்டது. ஹாங்காங்கில் அதற்கு எழுந்த முணுமுணுப்பு சினிமாக்காரர்களுக்குத் தெரிந்ததே. நம்மூரில் அப்போது திங்கட்கிழமை காலை. அப்படியானால், ‘மூலம்’ எழுதியவர் அந்த விழாவை நேரலையில் பார்த்தவரா? தவறுகூட ஒரு முத்திரைதான். யார் கையிலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர்களுக்கு இது பழைய பாடம். இரண்டு ஏடுகளில் ஒரே பிழை இருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டிருக்கலாம்.

ஆசையாக இருந்தது, அதனாலேயே சந்தேகப்பட வேண்டியிருந்தது. சப்பை மூக்குக்காரர் நடித்தால் எல்லாம் ஜப்பான் படம் என்று சொல்லும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. இவரும் அப்படிச் சொல்பவராக இருக்கலாம். எனவே ஜாக்கி சான் படங்களைத் தேடினேன். இருப்புக் கணக்கில் ஏழு இருந்தன. மொழிப் பத்தியில் எல்லாவற்றுக்கும் ‘சைனா’. ஒன்றில் ‘சைனா’வை அடித்து ‘ஹாங்காங்’ என்று திருத்தம். இவர் வித்தியாசம் தெரிந்தவர். ‘டிபார்ட்டட்’ வரியில் மட்டும் தடுமாறியிருக்கிறார்.

அடுத்து கவனித்தது மையை. இருப்புக் கணக்கு முழுக்க நீலப் பால்பாயிண்டில், அழுத்தமான உருண்டைக் கையெழுத்து. ‘மூலம்’ பத்தியும் அந்த ‘ஹாங்காங்’ திருத்தமும் மட்டும் பச்சை மையில், வலப்பக்கம் சாய்ந்து ஓடுகின்றன. இரண்டு கைகள். வாடகை நோட்டுக்குத் திரும்பி, கையெழுத்துப் பத்தியில் பச்சை மையைத் தேடினேன். இரண்டு மாலைகள் பிடித்தன. பச்சையில் கையெழுத்திட்டவர் ஒரே ஒருவர். மெம்பர் நம்பர் 47.

வீசிடி கடைக்காரரைக் கண்டுபிடிப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது. இடித்த கடையின் வீட்டுக்கார அம்மா, அவர் இப்போது அத்திப்பள்ளியில் வாட்டர் கேன் ஏஜென்சி வைத்திருப்பதாகச் சொன்னார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், அறுபது வயதிருக்கும். நோட்டைக் காட்டியதும் கேனை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டுதான் தொட்டார்.

“அண்ணே, இந்த மூலம் யார் எழுதினது?”

“ஃபைன் சார் அது.”

“ஃபைனா?”

“பொம்மசந்திராவுல நைட் ஷிஃப்ட் பையன் ஒருத்தன். சிடி எடுத்துட்டுப் போனா திருப்பிக் கொண்டாரமாட்டான். நாளுக்கு அஞ்சு ரூபா ஃபைன். ஏறிப்போச்சு. காசு இல்லண்ணே, உங்க ரிஜிஸ்டர்ல வேலை ஏதாச்சும் பண்ணித் தரட்டுமான்னான். என்னா வேலைன்னேன். எந்தப் படம் எதுல சுட்டதுன்னு எழுதித் தர்றேன், கஸ்டமருக்குச் சொல்லி விடலாம்னான். சரி, எழுதுடான்னேன்.”

ஆஸ்கர் விழா பற்றிக் கேட்டேன். அதெல்லாம் தனக்குத் தெரியாது என்றார். “காலையில ஷிஃப்ட் விட்டதும் நேரா இங்க வந்து ஷட்டரைத் தூக்குவான். டிவி ஓடும். என்ன பாத்தான்னு யாரு கண்டா?” ஆக, என் ஊகம் நிரூபணமாகவில்லை, இற்றுப்போகவுமில்லை. பையன் 2009 வாக்கில் வேலையை விட்டுப் போய்விட்டான். கடை 2011-ல் மூடியது. நாற்பத்தேழைத் தேடும் வேலையை நான் அங்கேயே நிறுத்தினேன். எனக்கு வேண்டியது ஆள் அல்ல, அவன் போட்ட கணக்கு சரியா என்பதுதான்.

சரிபார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். ‘சுட்டது’ என்ற சொல் ஆய்வுக்கு உதவாது. ‘ரீமேக்’ என்ற சொல்லும் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுவிடுகிறது. நம்மிடம் பழைய பாகுபாடு ஒன்று இருக்கிறது. நன்னூல் நூல்களை மூன்றாக்குகிறது: முதல்நூல், வழிநூல், சார்புநூல். முன்னவர் நூலின் முடிபோடு முழுதும் ஒத்து, பின்வந்தவர் தமக்கு வேண்டிய வேறுபாடுகளைச் சேர்த்துக்கொண்டால் வழிநூல். ஒரு பக்கம் மட்டும் ஒத்து, மற்றதில் விலகினால் சார்புநூல். தொல்காப்பியம் இன்னும் முன்னாலேயே வழிநூலை நான்காக வகுத்து, மொழிபெயர்ப்பையும் அதில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. (நன்னூலை எழுதச் சொன்ன சீயகங்கன் கங்கர் குலத்துச் சிற்றரசன், ‘குவளாலபுரப் பரமேசுவரன்’ என்பது அந்தக் குலத்தாரின் பட்டம். குவளாலபுரம் என்பது இன்றைய கோலார். நான் இருக்கும் இடத்திலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம். அளவுகோலைத் தேடி வெகுதூரம் போகவில்லை.)

நான் அதை அவசரமாகப் பயன்படுத்தினேன். முடிபு ஒத்திருக்க வேண்டும். ‘டிபார்ட்டட்’ முடிவோ வேறு. ஹாங்காங் படத்தில் போலீசுக்குள் இருந்த கும்பல் ஆள் தப்பிவிடுகிறான். நல்லவன் லிஃப்டில் சுடப்பட்டுச் சாக, கெட்டவன் அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்தபடி வெளியே வருகிறான். பிறகு அவனே நல்லவனின் கல்லறைக்கு வந்து சல்யூட் அடிக்கிறான். ஸ்கார்செஸி படத்தில் அவனும் சுட்டுக் கொல்லப்படுகிறான். முடிவு வேறு, எனவே சார்புநூல் என்று குறிப்பெழுதிவிட்டேன்.

ஓசூரில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் தொலைபேசியில் படித்துக் காட்டியபோது, பாதியில் நிறுத்தினார். “தம்பி, முடிவு வேற, முடிபு வேற. முடிபுன்னா துணிஞ்சு சொல்ற கருத்து. இலக்கண நூலுக்குக் கதையேது, கிளைமாக்ஸ் ஏது?” கூசிப்போனேன். அவர் சொன்னதுதான் சரி. நான் இலக்கணத்தில் சினிமாவைப் பார்த்திருக்கிறேன்.

“அப்ப திருப்பிப் பாருங்க ஐயா” என்றேன், எனக்கே சொல்வதுபோல. ஹாங்காங் படம் துணிந்து சொல்வது என்ன? அதன் சீனத் தலைப்பு மூன்று எழுத்து. பொருள் ‘இடைவெளியற்ற வழி’. முதல் இரண்டு எழுத்துகள் பௌத்தத்தின் அவீசி நரகத்துக்குச் சீனத்தில் வழங்கும் பெயர். எட்டு நரகங்களில் அடியில் கிடப்பது. துன்பத்துக்கு நடுவே மூச்சுவிட இடைவெளியே கிடையாது, சாவுகூட விடுவிக்காது. படம் ஒரு சூத்திர வாசகத்தோடுதான் தொடங்குகிறது. ஆக, அவன் தப்புவது தப்பித்தல் ஆகாது. உயிரோடு இருப்பதே தண்டனை. சீனப் பெருநிலத்தில் திரையிட, அவனைக் கைது செய்வதுபோல் இன்னொரு முடிவும் எடுத்தார்கள். அங்கே கைது ஒரு விடுதலை போலவே இருக்கிறது. நரகம் பாதியில் முடிந்துவிடுகிறது. ஆங்கிலத் தலைப்பு இந்தப் பொருளைக் கைவிட்டு, காவல்துறையின் உள்விசாரணைப் பிரிவை வைத்து ஒரு சிலேடை செய்துகொண்டது. ஸ்கார்செஸியின் தலைப்பு ‘மறைந்தவர்கள்’. கத்தோலிக்கர் இறந்தோருக்காக வேண்டும்போது வரும் சொல். அங்கே சாவு கணக்கை முடித்துவைக்கிறது. ஒன்று சாவே இல்லாத நரகம், மற்றது சாவோடு முடியும் கணக்கு. திருத்திய அளவுகோலிலும் ‘டிபார்ட்டட்’ சார்புநூல்தான். தீர்ப்பு அதுவே, காரணம் மட்டும் வேறாயிற்று.

இத்தனைக்குப் பிறகுதான் நாற்பத்தேழின் இன்னொரு வரியை உற்றுப் பார்த்தேன். ‘பரிந்தா’, இந்தி, மூலம்: ‘புறாப் படம், மார்லன் பிராண்டோ’. வாடகை நோட்டில் இந்தப் படத்தை அவன் நான்கு தடவை எடுத்திருக்கிறான். வேறெதையும் இரண்டு தடவைக்கு மேல் எடுக்கவில்லை.

‘பரிந்தா’ என்றால் பறவை. விது வினோத் சோப்ரா இயக்கி 1989 நவம்பரில் வந்த பம்பாய்ப் படம். அனாதைகளாய்த் தெருவில் வளர்ந்த இரு சகோதரர்கள். அண்ணன் கிஷன் (ஜாக்கி ஷெராஃப்) தம்பியைப் படிக்க வைக்க அண்ணா சேட் என்ற தாதாவிடம் சேர்கிறான். அமெரிக்காவில் படித்துத் திரும்பும் தம்பி கரண் (அனில் கபூர்), போலீஸ்காரனான தன் பால்ய நண்பன் பிரகாஷ் கண்ணெதிரே கொல்லப்படுவதைப் பார்க்கிறான். பிரகாஷின் தங்கை பாரோ (மாதுரி தீட்சித்) கரண் காதலிக்கும் பெண். அண்ணா சேட்டாக நானா படேகர்: நெருப்பைக் கண்டால் நடுங்கும் கொலைகாரன். (அனில் கபூரை நம்மூர்க்காரர்கள் இந்தி நடிகராகவே நினைக்கிறார்கள். 1983-ல் மணிரத்னத்தின் முதல் படமான ‘பல்லவி அனுபல்லவி’யில், கன்னடத்தில், அவர்தான் நாயகன்.)

பிராண்டோவின் புறாப் படம் எலியா கசானின் ‘ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்’, 1954. ஹோபோகன் துறைமுகத்தில் எடுத்தது. எட்டு ஆஸ்கர். ‘பரிந்தா’வின் நான் பார்த்த பிரதியில் கசான் பெயரோ, திரைக்கதை எழுதிய பட் ஷுல்பர்க் பெயரோ எந்த அட்டையிலும் இல்லை. சாட்சியங்களை ஒவ்வொன்றாக எடை போட வேண்டும். அண்ணன் தாதாவின் ஆள், தம்பி விலகி நிற்பவன்: இது மட்டும் போதாது, ஆயிரம் படத்தில் உண்டு. இரண்டிலும் புறாக்கள்: தற்செயலாக இருக்கலாம். ஆனால் இரண்டிலும் தம்பியே அறியாமல் ஒரு கொலைக்குக் காரணமாகிறான். இரண்டிலும் அவன் நேசிக்கும் பெண், கொலையானவனின் தங்கை. இந்த முடிச்சு தற்செயலாக விழாது. மகேஷ் பட்டின் ‘கப்ஸா’ (1988), விக்ரம் பட்டின் ‘குலாம்’ (1998) என்று அதே துறைமுகத்துக்கு பம்பாய் மறுபடி மறுபடி போய்வந்த காலம் அது. நாற்பத்தேழு சொன்னது சரி.

பாதி சரி என்று சொல்வதே நியாயம். கசான் படத்தில் புறா இரண்டு வேலை செய்கிறது. அமெரிக்கக் கொச்சையில் ‘புறா’ என்றால் போலீசுக்குத் துப்புக் கொடுப்பவன். பிராண்டோ கடைசியில் விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொல்கிறான்; மொட்டைமாடியில் அவன் வளர்த்த புறாக்களைக் கழுத்தைத் திருகிக் கொன்று போடுகிறான் அவன் மேல் உயிராய் இருந்த சிறுவன். கசானே 1952-ல் தன் பழைய தோழர்களின் பெயர்களை நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னவர். காட்டிக்கொடுப்பது எப்போது அறமாகும் என்பதே அந்தப் படத்தின் முடிபு. ஸ்கார்செஸி ‘டிபார்ட்டட்’ படத்தின் கடைசிக் காட்சியில் பால்கனிக் கம்பியில் ஓர் எலியை ஓடவிடுகிறாரே, அதுவும் இதே அகராதிதான். எலி என்றாலும் அங்கே உளவுக்காரன். ஹாங்காங் படத்தில் எலி கிடையாது.

பம்பாய்க் கொச்சையில் துப்புக் கொடுப்பவன் ‘கப்ரி’. அங்கே புறாவுக்கு அந்தப் பொருள் இல்லை. கடல் தாண்டி வந்த புறா, பாதி அர்த்தத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் வந்தது. கபூதர்கானாவில், மக்கள் புறாக்களுக்குத் தானியம் இறைக்கும் இடத்தில், கரணும் பிரகாஷும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நடந்து வருகிறார்கள். துப்பாக்கி வெடித்ததும் புறாக்கள் மொத்தமாக எழும்புகின்றன. திரை முழுக்கச் சிறகு. யார் விழுந்தார், யார் பிடித்தார் என்று தெரியாத அந்தச் சிறகடிப்புக்குள் குழந்தைப்பருவமும் சேர்ந்து சிதறுகிறது. படத்தொகுப்பாளர் ரேணு சலுஜாவுக்கு தேசிய விருது கிடைத்தது, நானா படேகருக்கும். காட்சியை நான் கணினியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு ஷாட்டிலாவது புறா யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அது தெருப் பிள்ளைகளின் நினைவு, அவ்வளவுதான். (தாதரில் இருக்கும் கபூதர்கானாவை 2025 ஆகஸ்டில் மும்பை மாநகராட்சி தார்ப்பாய் போட்டு மூடியது. புறா எச்சத்தால் நுரையீரல் நோய் வருகிறது என்ற வழக்கின் தொடர்ச்சி.)

துறைமுகத்தில் சட்டம் காப்பாற்றுகிறது. பம்பாயில் போலீஸ்காரனே முதலில் சாகிறான். பழிவாங்கக் கும்பலுக்குள் நுழையும் தம்பியும் அவன் மணந்தவளும் முதலிரவில் படகில் சுடப்படுகிறார்கள். அண்ணன் அண்ணா சேட்டை, அவன் எதற்கு அஞ்சினானோ அந்த நெருப்பிலேயே கொளுத்துகிறான். திரைக்கதை சிவ் சுப்ரமணியம் எழுதியது. ‘2 ஸ்டேட்ஸ்’ படத்தில் ஆலியா பட்டின் தமிழ் அப்பாவாக வந்தவர் என்றால் பலருக்கு முகம் நினைவுக்கு வரும், 2022-ல் காலமானார். ‘பரிந்தா’ கசானின் வழிநூல் அல்ல, சார்புநூல். முடிச்சைக் கடன் வாங்கி, முடிபைச் சொந்தமாகப் போட்டது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் இதுவே. 1987-ல் ‘நாயகன்’, 1988-ல் ‘சலாம் பாம்பே’, 1989-ல் ‘பரிந்தா’: மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து இந்த நாடு தன் முகம் என்று அனுப்பியது பம்பாய்த் தெருவை.

பேரேட்டில் ‘எ வெட்னஸ்டே’ (2008) வரிக்கு எதிரே ‘சொந்தச் சரக்கு’ என்று இருந்தது. ஒப்பீட்டுக்காக அதையும் பார்த்தேன். மும்பைக் கதை 2009-ல் கமல்ஹாசனும் மோகன்லாலும் நடித்த ‘உன்னைப்போல் ஒருவன்’ ஆகச் சென்னைக்கு வந்தது, வசனம் இரா. முருகன். பிறகு சந்திரன் ரத்னம் இயக்கத்தில், பென் கிங்ஸ்லி நடிக்க, ‘எ காமன் மேன்’ (2013) என்று ஆங்கிலத்தில் கொழும்புக்குப் போனது. நகரம் மாறியும், பெயரில்லாத ஒரு குடிமகன் மாடியிலிருந்து போலீசை மிரட்டும் கோபம் மாறவில்லை. வழிநூல், சந்தேகமில்லை. ஆனால் ஹாலிவுட் நடிகர் இருந்ததால் அது ஹாலிவுட் படமாகிவிடாது, இலங்கைத் தயாரிப்பு.

அப்படியானால் ஹாலிவுட்டுக்கே போன இந்தியக் குற்றப்படம்? தேடல் எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள், ‘பரிந்தா’வுக்கே. ‘பரிந்தா’ எடுத்த விது வினோத் சோப்ராவே, இருபத்தாறு வருஷம் கழித்து, அபிஜாத் ஜோஷியோடு சேர்ந்து எழுதி, அமெரிக்காவில் அமெரிக்க நடிகர்களை வைத்து 2015 ஏப்ரலில் வெளியிட்டார்: ‘புரோக்கன் ஹார்சஸ்’. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து பம்பாய் வந்த பறவை, அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிருக்கிறது. கடை 2011-ல் மூடிவிட்டதால் நாற்பத்தேழின் கணக்கில் இது ஏறவில்லை.

என் முதல் குறிப்பில் ‘உடைந்த குதிரைகள்’ என்று எழுதியிருந்தேன். இதுவும் தவறு, அல்லது பாதித் தவறு. முரட்டுக் குதிரையை அடித்துப் பணியவைத்து ஏறுவதற்குப் பழக்குவதை ஆங்கிலத்தில் உடைத்தல் என்கிறார்கள். மாடுபிடிக்காரர் சொல்லும் ‘வசக்குதல்’ அதற்குக் கிட்டத்தில் வரும். வசக்கப்பட்ட குதிரைகள். தலைப்பைச் சரியாகப் படித்ததும் படம் திறந்துகொண்டது.

மெக்சிகோ எல்லைப் பாலைவனத்தில் ஒரு சிற்றூர். ஊர்க் காவல் அதிகாரியான தந்தை கொல்லப்படுகிறார். ஜூலியஸ் ஹென்ச் என்ற கும்பல் தலைவன் (வின்சென்ட் டனாஃப்ரியோ), மூத்த மகன் பட்டியிடம் இன்னொருவனைக் காட்டி, இவன்தான் உன் அப்பாவைக் கொன்றவன் என்று சொல்லிச் சுடவைக்கிறான். அன்றிலிருந்து அந்தப் பையன் அவன் ஏறும் குதிரை. தம்பி ஜேக்கப் (ஆன்டன் யெல்சின்) நியூயார்க்கில் வயலின் வாசிப்பவன். கல்யாணத்துக்கு அண்ணன் தரும் பரிசைப் பார்க்க ஊர் திரும்புகிறான். கும்பலில் சிக்கிய அண்ணனை மீட்கத் தானும் உள்ளே போகிறான். ‘பரிந்தா’வின் எலும்புக்கூடு அச்சு அசலாக நிற்கிறது. கரண் திரும்பி வந்த அமெரிக்காவின் இடத்தில் நியூயார்க். அமெரிக்கக் கதைக்கும் ஓர் ‘அமெரிக்கா’ வேண்டியிருந்திருக்கிறது. டாம் ஸ்டெர்னின் ஒளிப்பதிவில் பாலைவனம் அழகாக இருக்கிறது. படம் வசூலிலும் விமரிசனத்திலும் எடுபடவில்லை. அடுத்த ஆண்டே யெல்சின் விபத்தில், இருபத்தேழு வயதில் இறந்தார்.

எலும்புக்கூடு ஒன்றுதான் என்றால் வழிநூல் என்றே எழுதியிருப்பேன். ஓசூர் ஆசிரியரின் குரல் கேட்டது: முடிபு எங்கே? ஒரே கேள்வியை இரண்டு படத்திடமும் கேட்டுப் பார்த்தேன். அண்ணன் ஏன் ரவுடி ஆனான்?

‘பரிந்தா’ சொல்லும் பதில்: பசி. பிளாட்பாரத்தில் இரண்டு பையன்கள். ஒருவன் சாப்பிட வேண்டும், படிக்க வேண்டும். அதற்கு மற்றவன் கெட்டுப்போக வேண்டும். கிஷனுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தேதான் போகிறான். ‘புரோக்கன் ஹார்சஸ்’ சொல்லும் பதில்: ஏமாளித்தனம். பட்டி வெள்ளை மனசுக்காரன், குழந்தை புத்தி. பொய் சொல்லி வசக்கிவிட்டார்கள். ஒருவன் தம்பிக்காகத் தன்னை விற்றவன். இன்னொருவனை யாரோ களவாடியிருக்கிறார்கள். பாலைவன ஊரில் பிளாட்பாரம் இல்லை, கூட்டம் இல்லை, புறாவுக்கு இறைக்கத் தானியம் வாங்கும் ஆளும் இல்லை. சோப்ரா நெருப்பையும் துப்பாக்கியையும் இரண்டு சகோதரர்களையும் கொண்டுபோனார். பசியை விட்டுவிட்டுப் போய்விட்டார். இது என் தீர்ப்பு. மறுப்பவர்கள் இரண்டு படத்தையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு மறுக்கட்டும்.

நாற்பத்தேழு ஏன் நான்கு தடவை எடுத்தான் என்று கடைக்காரரிடம் கேட்டிருந்தேன். கேனுக்கு மூடி போட்டுக்கொண்டே சொன்னார்: “அவன் மட்டுமா? அந்த சிடி பொம்மசந்திரா பூரா சுத்துச்சு சார். பாதிப் பேரு தம்பியப் படிக்க வெக்கத்தானே இங்க வந்து கெடந்தான்.”

இருப்புக் கணக்கில் கடைசி வரிக்குக் கீழே இன்னும் பதினோரு கோடுகள் காலியாக இருக்கின்றன. பச்சைப் பேனா என்னிடம் இல்லை, பென்சிலில் எழுதினேன். ‘புரோக்கன் ஹார்சஸ், ஆங்கிலம், 2015. மூலம்: பரிந்தா. சார்புநூல்.’ நாற்பத்தேழின் ‘ஜப்பான்’ வரியை நான் திருத்தவில்லை. உங்கள் ஊரில் மூடிப்போன கேசட் கடையின் ரிஜிஸ்டர் எதுவும் பரணில் கிடந்தால், எடைக்குப் போடுமுன் கடைசிப் பத்தியை ஒருமுறை பாருங்கள்.